பேசியவர்கள் பட்டியல்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலையில் சேர்ந்த முதல் வருடமே ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில், உங்கள் பொறுப்பில். "கையில் குச்சி இல்லாமல் இவர்களை எப்படி உட்கார வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அப்பாவே, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிறாராம்.

அந்த அப்பாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. தனக்கு வாய்க்காத படிப்பு மகனுக்காவது வாய்க்கட்டும் என்ற தவிப்பு அது. ஆனால் அவர் கொடுக்கும் அனுமதியை நீங்கள் வாங்கிக்கொள்ளக் கூடாது. அதைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்தி, பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு. இடைப்பட்ட 2007-இல், மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். வேப்பங்குச்சியையும் புளிய விளாரையும் பிள்ளைகளே ஒடித்து வந்து மேசைமேல் வைத்த காலம் ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை.

அந்த 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு நிற்கவில்லை. மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. நம் பள்ளிகளில் யாரும் நின்று படிக்காத வரி அது. குச்சியைக் கீழே போட்டவர்கள் கையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது: நீங்கள் சத்துணவுக் கணக்குப் பார்க்கப் போகும்போது மூன்றாம் வகுப்பு லீடர் கரும்பலகையில் பேசியவர்கள் பெயரை எழுதி வைக்கிறாள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. "இதனால் வகுப்பு ஓரளவு அமைதியாக இருக்கிறது" என்கிறீர்கள்.

டீச்சர், அந்தப் பட்டியலை ஒரு வாரம் அழிக்காமல் உங்கள் நோட்டில் எழுதி வைத்துப் பாருங்கள். அதே ஐந்தாறு பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். லீடரின் பக்கத்தில் உட்காருபவள் பெயர் வராது. லீடருக்கு நெல்லிக்காய் கொடுத்தவன் பெயரும் வராது. எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர் முதலில் ஏறுகிறது என்றும் பாருங்கள். சில ஊர்களில் அந்த விடை உங்களைத் தூங்கவிடாது. எட்டு வயதுச் சிறுமியிடம் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அவள் நியாயமாக நடப்பாள் என்று நம்புவது அவளுக்கே செய்யும் கொடுமை. பட்டியலில் தினமும் இருக்கும் பையனோ, தான் அதற்குத்தான் லாயக்கு என்று நம்பத் தொடங்குவான். லீடர் இருக்கட்டும். நோட்டு அடுக்கட்டும், பாட்டு ஆரம்பிக்கட்டும். பெயர் மட்டும் எழுத வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியபோது, பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துத் தாங்களே படித்தார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் "சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே" என்று முகம் சுளித்தார்கள். அந்த முறையில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வேலை நடக்கும் சத்தத்துக்கும் வேலை இல்லாத சத்தத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று அது நமக்குக் காட்டியது. இரண்டாவதுதான் உங்களைப் படுத்துகிறது. அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள்: பிரேயர் முடிந்து உள்ளே வரும்போது, நோட்டு கொடுத்து முடிப்பதற்குள், முடித்தவன் அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும்போது, நீங்கள் போனில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவு போடக் குனியும்போது. அந்த நேரங்களுக்கு வேலை வைத்திருங்கள். முடித்தவர்கள் எடுக்க ஒரு பெட்டியில் படக்கதைப் புத்தகம், களிமண், புளியங்கொட்டை. நீங்கள் ஒரு தாளத்தில் கைதட்டினால் அவர்கள் அதே தாளத்தில் தட்ட வேண்டும் என்று பழக்குங்கள். கத்துவதைவிட அது சீக்கிரம் காதில் விழும். சிறுநீருக்குக் கேட்டால் ஒருபோதும் மறுக்காதீர்கள்.

பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டால் உடனே பிரித்து உட்கார வையுங்கள். அழுகை அடங்கிய பிறகு, வகுப்புக்கு முன்னால் இல்லாமல், தனித்தனியாகக் கேளுங்கள். "ஏன் அடித்தாய்?" என்றால் ஆறு வயதுக்குப் பதில் தெரியாது. "என்ன நடந்தது?" என்றால் சொல்வார்கள். பென்சிலைப் பிடுங்கியவனிடம் பல சமயம் பென்சிலே இருக்காது. பசி இன்னொரு காரணம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பலர் வருகைப் பதிவோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறார்கள். பத்து மணி வாக்கில் காரணமில்லாமல் சண்டை போடும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அது ஒழுங்கின் திட்டமும்தான்.

உங்கள் பங்கு இவ்வளவு என்றால் அரசின் பங்கு வேறு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது அதே கல்வி உரிமைச் சட்டம். ஒருவர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழுவதைப் பற்றி அது பேசவில்லை. அன்றைக்கு அறையில் எழும் இரைச்சலை உங்கள் திறமைக் குறைவாக யாராவது எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகவே பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, இரண்டாம் வகுப்புப் பையன். கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, எழுந்து எழுந்து மற்றவர்கள் நோட்டைப் பார்க்கிறான், "திமிர்" என்கிறார் தலைமையாசிரியர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைப் படித்ததும் முதலில் தோன்றியது அவன் காதும் கண்ணும்தான். சளி பிடித்துச் சீழ் வடியும் காது நம் கிராமங்களில் சாதாரணம். பாதிதான் கேட்கும், அது அவனுக்கே தெரியாது. கரும்பலகை தெரியாதவன் பக்கத்து நோட்டைத்தான் பார்ப்பான். அவனுக்குப் பின்னால் நின்று, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அவனை முன்னால், உங்கள் கைக்கெட்டும் இடத்தில் உட்கார வையுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு எப்போது வரும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தாமதமானால் அம்மாவிடம் பேசி முன்னதாகவே அனுப்புங்கள். காதும் கண்ணும் சரியாக இருந்தால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரை வந்து அவனோடு ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு மூத்த ஆசிரியை