தெருமுனைக் கிளினிக் மூடப்படும்போது

சில மாதங்களுக்கு முன் 74 வயது அம்மையார் ஒருவர், கால் வீக்கத்துடனும் தலைசுற்றலுடனும் என்னிடம் வந்தார். அவர் கொண்டுவந்த துணிப்பையில் ஆறு மாத்திரை அட்டைகள் இருந்தன. அவற்றுள் இரண்டு, வெவ்வேறு வணிகப் பெயர் கொண்டவை. உள்ளிருந்த மருந்தோ ஒன்றே. இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் மாத்திரையை அவர் அறியாமலே இருமடங்கு உட்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகளாக அவரைக் கவனித்து வந்த மருத்துவர் தம் கிளினிக்கை மூடிவிட்டதால், அவர் இரண்டு இடங்களில் சிகிச்சை பெற்று வந்தார். ஓரிடத்தில் எழுதித் தந்தது மற்றோரிடத்தில் தெரியவில்லை.

இத்தகைய கிளினிக்குகள் ஏன் மூடப்படுகின்றன? வாடகை, உதவியாளர் ஊதியம், மின்கட்டணம், பதிவுக் கட்டணம், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவக் கழிவை அகற்றும் செலவு ஆகிய அனைத்தும் நோயாளி தரும் ஆலோசனைக் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். முதியோரைப் பரிசோதிக்க அதிக நேரம் வேண்டும்; அவர்களிடம் கட்டணத்தை உயர்த்தவோ மருத்துவருக்கு மனம் வருவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. தெருமுனை மருத்துவரின் கட்டணம் அதில் அடங்காது. எனவே முதியவரின் ஓய்வூதியமும் மருத்துவரின் வருவாயும் ஒரே நேரத்தில் நெருக்கடிக்கு உள்ளாகின்றன. மூத்த மருத்துவர் ஓய்வுபெறும்போது, அவ்விடத்தை ஏற்க இளையவர்கள் தயங்குவதற்கும் இதுவே ஒரு காரணம்.

கிளினிக் மூடப்படும்போது, குறைந்த கட்டணத்தோடு நோயாளியைப் பற்றிய மருத்துவரின் நினைவும் போய்விடுகிறது. எந்த மருந்து ஒவ்வாது, எப்போது அறுவைச் சிகிச்சை நடந்தது என்பன அவர் மனத்தில் இருந்தவை. அந்நினைவை இனி நீங்களே கையில் வைத்திருக்க வேண்டும்.

1. உங்கள் மருத்துவர் பணியிலிருக்கும்போதே நோய்கள், அறுவைச் சிகிச்சைகள், ஒவ்வாமை, மருந்துகளின் மூலப்பெயர், அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேளுங்கள்.

2. எந்த மருத்துவரிடம் சென்றாலும் அத்தாளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் காட்டுங்கள். மூலப்பெயர் ஒன்றாயிருந்தால் உடனே கேளுங்கள்.

3. மருத்துவர் இல்லை என்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

4. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் இல்லத்திற்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கும்.

5. செலவுக்கு அஞ்சி வருகையைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று மருந்து பெரும்பாலும் உண்டு.

அந்த அம்மையாருக்கு ஒரு மாத்திரையை நிறுத்தியதும் வீக்கம் படிப்படியாக வடிந்தது. இப்போது அவர் பேத்தி எழுதித் தந்த மருந்துக் குறிப்பேட்டைக் கொண்டுவருகிறார். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.