அயல் நிரலும் தனியறையும்

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையூர் வட்டவடை. தமிழ் பேசும் உழவர் மிகுதியாக வாழும் இவ்வூரின் பூண்டு, காந்தளூர்ப் பூண்டுடன் சேர்ந்து 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய மலையூர்களிலும் வங்கிச் செய்தியும் உதவித்தொகை விவரமும் இன்று கைப்பேசிக்கே வருகின்றன. முன்பின் அறியாதவர் எழுதிய செயலிகளும் அதே கருவியில்தான் இயங்குகின்றன. ஒரு செயலி மற்றொன்றின் தகவலைக் கவராமல் காப்பது, 'சாண்ட்பாக்ஸ்' எனப்படும் தனியறை முறையாகும்.

பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில், யூனிக்ஸ் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கி, ஒருவர் கோப்பைப் பிறர் திறவாதபடி காத்தது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஆண்ட்ராய்டு இவ்வேற்பாட்டைத் திறமையாகத் திருப்பிக்கொண்டது: மனிதருக்குப் பதிலாக ஒவ்வொரு செயலிக்கும் தனி எண். கோப்பைத் திறக்கவோ இணையத்தை அணுகவோ, செயலி 'கெர்னல்' எனும் உட்கருவிடம் வேண்டுகோள் விடுக்க வேண்டும். உட்கரு எண்ணையும் விதிகளையும் பார்த்து இசைகிறது அல்லது மறுக்கிறது.

பிற இயக்க முறைமைகள் வேறு வழிகளை நாடின. 1979-இல் யூனிக்ஸில் தோன்றிய 'சிரூட்', நிரலின் பார்வையை ஒரு கோப்புறைக்குள் சுருக்கியது. காவலுக்கென அமைந்ததன்று ஆதலின், முழு அதிகாரம் பெற்ற நிரல் அதிலிருந்து தப்ப இயலும். 2000-இல் ஃபிரீ பிஎஸ்டி 'ஜெயில்' என்ற உறுதியான அமைப்பைத் தந்தது. லினக்ஸின் 'செக்காம்ப்' 2005-இல் தொடங்கியபோது நான்கே வகை வேண்டுகோள்களை அனுமதித்தது. நடைமுறைக்கு அது மிகக் குறுகலே. 2012-இல் விண்டோஸ் 8 'ஆப் கண்டெய்னர்' முறையைக் கொணர்ந்தது. ஓப்பன் பிஎஸ்டியின் 'பிளெட்ஜ்' இவற்றுள் எளிமையானது: தனக்கு எவை தேவை என்பதை நிரலே முன்கூட்டி அறிவிக்கிறது, சொல் தவறினால் நிறுத்தப்படுகிறது.

எல்லா அறைகளுக்கும் உட்கரு ஒன்றே என்பதால், அதில் பிழை நேரின் சுவர்கள் பயனற்றுப்போகும். 2018-இல் வெளிப்பட்ட 'ஸ்பெக்டர்' குறைபாடு செயலியகச் சில்லிலேயே இருந்தது.

ஆயினும் உழவருக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் சுவரை உடைத்து வருவதன்று. பி.எம். கிசான் திட்டத்தின் பெயரில் போலிச் செயலிகள் வாட்ஸ்அப் வழியே பரப்பப்பட்டுள்ளன. குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும் போலிச் செயலிக்கு உரிமையாளர் இசைந்தால், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அதன் கைக்குப் போய்விடும், உட்கரு தடுக்காது. 'அணுகல்தன்மைச் சேவை' இன்னும் ஆபத்தானது. திரையைப் படிக்கவும், உரிமையாளருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அது வழிவிடும். செயலிக் கடைக்கு வெளியிலிருந்து கோப்பாக வந்து நிறுவப்பட்டவற்றுக்கு இச்சேவை எளிதில் கிட்டாதபடி 2022-இல் ஆண்ட்ராய்டு 13 தடை விதித்தது. அத்தடையை நீக்கும் வழியும் அதே கைப்பேசியின் அமைப்புகளுக்குள்தான் இருக்கிறது.