ஒருநாட்பூச்சிகளை இனம் பிரித்து அறியும் முறை

மழைக்காலத்தில் விளக்கை மொய்க்கும் மெல்லிய பூச்சிகள் யாவற்றையும் ஈசல் என்றே அழைப்பது கிராமத்தார் வழக்கம். அவற்றுள் ஆங்கிலத்தார் மேப்ளை எனப் பெயரிட்ட ஒருநாட்பூச்சி வேறொரு வகுப்பைச் சேர்ந்தது. ஈசல், புற்றிலிருந்து கிளம்பும் சிறகு முளைத்த கறையானே. ஒருநாட்பூச்சியோ ஜலத்தில் வளர்வது; சிறகு பெற்றபின் ஆகாரம் உண்ணாது; சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ உயிர்த்திருந்து, முட்டையிட்டு மடியும். இதனால் பயிருக்குச் சேதமில்லை. ஆகையால் இதைக் கண்டு மருந்து தெளிப்பது வீண் செலவாம். அன்றியும் அம்மருந்து வாய்க்காலிற் கலந்தால், மீன்களுக்கு இரையாகும் இதன் இளம்பூச்சிகள் அழியும்.

அடையாளங்கள்

ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே அளவின, எளிதில் உதிர்வன. ஒருநாட்பூச்சிக்கு முன்சிறகு பெரிது. பின்சிறகு சிறிது, சிலவற்றில் இல்லவே இல்லை. உட்காரும்போது சிறகுகளை முதுகின்மேல் நிமிர்த்தி வைக்கும். வாற்புறத்தில் இரண்டு அல்லது மூன்று நீண்ட இழைகள் உண்டு. இளம்பூச்சிக்கு வயிற்றின் இருபக்கமும் செவுள்கள் உள. காலுக்கு ஒரு நகமே உண்டு. சிறகு பெற்றபின்னும் ஒருமுறை தோலுரிப்பது பூச்சிகளுள் இதற்கே உரிய இயல்பு.

புதிய இனத்தை நிச்சயித்தல்

நிறமும் அளவும் மட்டும் பார்த்தால் போதாது. ஆண் பூச்சியின் பிறப்புறுப்பு, சிறகு நரம்புகள், இளம்பூச்சியின் வாயுறுப்பு, செவுள் ஆகியவற்றை மைக்ராஸ்கோப்பில் நோக்கி, முன்னரே வர்ணிக்கப்பட்ட இனங்களோடு ஒப்பிடவேண்டும். இளம்பூச்சியைச் சிறகு முளைக்கும்வரை வளர்த்து, இரு பருவமும் ஓரினமே எனக் காட்டுதல் உத்தமம். பின்னர் ஒன்றை மூலமாதிரியாக நியமித்து, லத்தீன் பெயரும் வர்ணனையும் பிரசுரிக்க வேண்டும். கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1984-ல் வர்ணித்த பீட்டர்சுலா கூர்டாலென்ஸிஸ் என்னும் இனத்தின் பெயரில் இரண்டாம் சொல் குற்றாலத்தைக் குறிப்பது. 2002-ஆம் வருஷத்து உயிரினப் பன்மைச் சட்டப்படி, புதிய இனத்தின் மாதிரியை அரசாங்கம் நியமித்த காப்பகத்தில் ஒப்படைத்தல் கடமையாகும்.

விவசாயிகளுக்குப் பயன்

சாக்கடை கலந்து பிராணவாயு குன்றிய அடையாற்று ஜலம் போன்றதில் இவ்வகுப்பின் பெரும்பாலான இனங்கள் பிழைக்கமாட்டா. க்ளோயான் வகைகள் குளங்களின் தேங்கிய நீரிலும் வாழும். வேறு சில, ஓடும் மலையருவியன்றி வாழா. ஆதலால் இனம் தெரிந்தால்தான் இவற்றைக்கொண்டு ஏரி, கால்வாய்களின் சுத்தத்தை மதிப்பிட இயலும்.

பூச்சி சேகரிப்போர் அதைச் சாராயச் சத்தில் இட்டு, கிராமம், நீர்நிலை, தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டியினுள்ளேயே போடவேண்டும். சீட்டில்லாத மாதிரியால் பயனில்லை. மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தென் பிராந்திய நிலையம் உளது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை அறிந்து வைத்தல் நலம்.