டிவி சத்தத்தைக் கூட்டு, தங்கச்சி

'நாலாவது ஸ்டேஜ்'னு டாக்டர் சொல்லிட்டா, வீட்டுல முதல்ல குறையறது டிவி சத்தம். அடுத்து, கல்யாணப் பத்திரிகை வந்தா பீரோவுக்குள்ள போயிடும். பார்க்க வர்றவங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே முகத்தையும் மாத்திக்குவாங்க. நீ எதுக்காவது சிரிச்சுட்டா, 'பாவம், உள்ள அழுகையை வெச்சுக்கிட்டு வெளியில சிரிக்கிறா'ன்னு அடுப்படியில ஒரு பெருமூச்சு. தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பக்கம் இப்படி எத்தனையோ வீடு பார்த்துட்டேன். அதனால அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ. நோய் எவ்வளவு பரவியிருந்தாலும் சரி, சந்தோஷத்தை 'குணமான பிறகு பார்த்துக்கலாம்'னு தள்ளி வைக்காதே. மாத்திரைக்கு நேரம் குறிக்கிற மாதிரி அதுக்கும் குறிச்சு வை. ஏற்பாடு பண்ணாம அது தானா வராது.

முதல் ஏற்பாடு, வலிக்கு.

வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிறது எஸ்டேட் பொம்பளைங்களுக்கு ரத்தத்துல ஊறினது. ஜூலை மழையில தலையில கொங்காணியைப் போட்டுக்கிட்டு நாள் முழுக்கக் கொழுந்து பறிச்சவங்கதானே. ஆனா இந்த வலிக்கு அந்த வைராக்கியம் வேண்டாம். மார்ஃபின்னு சொன்னதும் 'அது கடைசி நேரத்துல குடுக்கிறது, அடிமையாயிடுவே'ன்னு யாராவது ஓதுவாங்க. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல சாப்பிடறவங்க அதுக்கு அடிமையாகிறது அபூர்வம். சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்யறது சுமார் 4 மணி நேரம். அதனால வலி வந்த பிறகு தேடாம, கடிகாரத்தைப் பார்த்துப் போடணும். முதல் ரெண்டு மூணு நாள் தூக்கம் சொக்கும், அப்புறம் தெளிஞ்சிடும். மலச்சிக்கல் மட்டும் தானா போகாது, அதுக்கும் மருந்தைச் சேர்த்து எழுதச் சொல்லு. நாலு நாள் வயிறு கட்டிக்கிட்டா வடிவேலுவே நேர்ல வந்தாலும் சிரிப்பு வராது.

இடையில திடீர்னு குத்துற வலிக்குன்னு தனியா ஒரு டோஸ் எழுதித் தருவாங்க. வெளியில கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி அதைப் போட்டுக்கலாமான்னு கேட்டு வெச்சுக்கோ. பாதி ஊர்சுத்தல் அந்த ஒரு கேள்வியிலதான் இருக்கு.

இந்த மருந்தை எங்கே கேட்கிறதுன்னு தவிக்காதே. நாடுகாணி சுரத்தை இறங்கினா மலப்புறம் மாவட்டம். வலி நிவாரண விஷயத்துல இந்தியாவே பார்த்துக் கத்துக்கிட்ட பூமி அது. 1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சின்னதா ஆரம்பிச்ச கிளினிக், பிறகு ஊர் ஊரா வாலண்டியர்ங்க நடத்துற இயக்கமாயிடுச்சு. 2008ல கேரள அரசு இதுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நிலம்பூர், மஞ்சேரி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா விசாரிச்சுப் பாரு. புண்ணுக்குக் கட்டு மாத்த வீடு தேடி வர்றதோட நிக்க மாட்டாங்க. படுக்கையில கிடந்தவங்களை வேன்ல ஏத்தி, வீல்சேரோட கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய், பாட்டுப் பாடி, பிரியாணி போட்டு அனுப்புவாங்க. நம்ம பக்கத்துலயும் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பார்க்கிற ஆதரவு சிகிச்சை உண்டு. கிராம சுகாதார நர்ஸ்கிட்ட பேரைப் பதிஞ்சு வை.

'அதெல்லாம் கைவிட்ட கேஸுக்கு'ன்னு வீட்டுக்காரர் முகத்தைச் சுளிச்சா இதைச் சொல்லு. அமெரிக்காவுல பாஸ்டன்ல, பரவின நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரை வெச்சுப் பண்ணின ஆய்வு 2010ல வெளியாச்சு. ஆரம்பத்துல இருந்தே ஆதரவு சிகிச்சையும் சேர்த்துக் கிடைச்சவங்களுக்கு மனச்சோர்வு குறைவு. பாதிப் பேர் உயிரோட இருந்த காலக்கணக்கும் 8.9 மாசத்துல இருந்து 11.6 மாசமா கூடியிருந்தது. வலியும் பயமும் அடங்கினவங்கதான் மத்ததை அனுபவிக்க முடியும்.

அடுத்து, தெம்புக் கணக்கு. காலண்டர்ல எந்த நேரம் உடம்பு லேசா இருக்குன்னு ஒரு வாரம் குறிச்சுப் பாரு. கீமோ போட்டா எத்தனையாவது நாள் அடிச்சுப் போடுது, எத்தனையாவது நாள் எழுந்து உட்கார முடியுதுன்னும் தெரிஞ்சிடும். காலையில 10 மணியில இருந்து 12 வரைக்கும்தான் தெம்புன்னா, அந்த நேரத்துல குளிச்சுத் துணி மடிச்சு அதைத் தொலைச்சிடாதே. குளியலைச் சாயங்காலத்துக்குத் தள்ளு, பிளாஸ்டிக் முக்காலியில உட்கார்ந்து குளி, முடியாத நாள் வெந்நீர்த் துண்டால துடைச்சா போதும். அந்த ரெண்டு மணி நேரம் உனக்குப் பிடிச்ச காரியத்துக்கு. நம்ம பொம்பளைங்களுக்கு இது லேசுல வராது. கொஞ்சம் தெம்பு வந்தாலே பாத்திரம் தேய்க்கப் போயிடுவோம். போகாதே. பாத்திரம் கிடக்கட்டும்.

ஊர் சுத்துறதைப் பத்தி விரிவாவே சொல்றேன், எனக்குப் பிடிச்ச விஷயம்.

என் சித்தி மகளுக்கு இடுப்பெலும்பு வரைக்கும் பரவியிருந்தது. ஊட்டி ரோஜாப் பூங்கா எல்லாம் அவளுக்கு ஆகாத தூரம். தெரிஞ்ச ஆட்டோக்காரரைப் பிடிச்சு, சீட்டுல தலையணையைப் போட்டு, தேவாலா பஜார்ல எண்ணெய்ச் சட்டியில இருந்து எடுத்த பழம்பொரியை நியூஸ்பேப்பர்ல கட்டிக்கிட்டு, நாடுகாணியில ரோட்டோரமா நிறுத்தினோம். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கீழே நிலம்பூர்க் காடு பச்சையா விரிஞ்சு கிடக்கு. மேலே ஏறி வர்ற லாரியோட நம்பரைக் கூட்டினா ஒத்தையா ரெட்டையான்னு பந்தயம். நான் 40 ரூபா தோத்தேன். எண்ணெய்க் கையை என் முந்தானையில துடைச்சுக்கிட்டு, "காசைக் கீழ வை அக்கா"ன்னா. கடன் சொன்னதுக்கு ஆட்டோக்காரர் முன்னாடியே என் மானத்தை வாங்கிட்டா. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் படுத்தே கிடந்தா, உண்மைதான். அந்த ரெண்டு நாளையும் முன்கூட்டியே கணக்குல வெச்சுத்தான் கிளம்பினோம்.

கிளம்புறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது சிலது. கழிவறை எங்கே இருக்குன்னு முதல்ல விசாரி. பொம்பளைங்க பாதிப் பேர் வெளியில போகாம இருக்கிறதுக்கு நோயைவிட இதுதான் காரணம். எலும்புல பரவியிருந்தா எஸ்டேட் ரோட்டுல ஜீப் வேண்டாம். எந்த எலும்பு பலவீனம்னு டாக்டர்கிட்ட கேட்டு, முன்சீட்டுல மெதுவாப் போ. புதுசா கடுமையான முதுகுவலி வந்து காலு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. தட்டணு குறைவுன்னு ரிப்போர்ட் சொன்னா மழைக்காலத்துல புல்லுல கால் வைக்காதே. அட்டை கடிச்சா நமக்கே ரத்தம் நிக்க நேரமாகும். வெள்ளணு குறைஞ்சிருக்கிற நாள்ல கல்யாண மண்டபக் கூட்டம் வேண்டாம், திறந்தவெளி போதும். காய்ச்சல் 100.4ஐத் தொட்டா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பையில மாத்திரை, வாந்திக்கு ஒரு கவர், ஃப்ளாஸ்க்ல வெந்நீர், தலைக்குக் கம்பளிக் குல்லா, கடைசி டிஸ்சார்ஜ் சீட்டோட ஜெராக்ஸ். சாயங்காலம் யானை ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி வீடு திரும்பிடு. யானைக்கு நம்ம ஸ்டேஜ் எல்லாம் தெரியாது.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இந்த ஊர்ல வெளியில போற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டோட சிரபுஞ்சின்னு சும்மாவா சொல்றாங்க! அப்போ வீட்டுக்குள்ளதான் விளையாட்டு. தாயம், கேரம், சீட்டு, எதுவானாலும் காசு வெச்சு ஆடு, ஒரு ரூபாயானாலும். ஒரே ஒரு நிபந்தனை: உனக்காக யாரும் தோத்துக் குடுக்கக் கூடாது. அது தெரிஞ்சதும் ஆட்டம் செத்துப் போகும்.

இன்னொரு மழைக்கால வேலை, செல்போன்ல குரல் பதிவு. உயில் எழுதுற மாதிரி தொண்டையைச் செருமிக்கிட்டு உட்காராதே. 1964ல இலங்கையோட போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார்ல கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கே இருந்து டான்டீ தேயிலைத் தோட்ட லயத்துக்கு வந்த கதையை உங்கம்மா சொல்லியிருப்பாங்கல்ல, அதைச் சொல்லு. கூடவே எந்தக் கங்காணி யாரைப் பார்த்து வழிஞ்சான், பேரட்டுக் களத்துல யார் யாரைச் செருப்பால அடிச்சா, அதையும். 1880 வாக்கில தேவாலாவுல தங்கம் கொட்டுதுன்னு லண்டன்காரங்க காசைக் கொட்டி ஏமாந்த கதையைவிட இதைத்தான் உன் பேரப்பிள்ளைங்க திரும்பத் திரும்பக் கேட்கும்.

சாப்பாடு. 'இதைத் தின்னாதே, அதைத் தொடாதே'ன்னு ஒரு பட்டியலோட ஊரே வரும். இனிப்புத் தின்னா கட்டி வளர்ந்துடும்னு பயமுறுத்துவாங்க. சர்க்கரை நோய் இருந்தா டாக்டரைக் கேட்டுக்கோ; இல்லைன்னா ஆசைக்குத் தின்கிற ஒரு துண்டு அல்வா உன்னை எதுவும் பண்ணாது. தட்டு நிறையப் போட்டா பார்த்ததுமே குமட்டும். சின்னக் கிண்ணத்துல ரெண்டு வாய் போதும். வாய் கசந்து இரும்பு ருசி அடிச்சா எவர்சில்வர் ஸ்பூனை விட்டு மர ஸ்பூனுக்கு மாறு. வாய்ப்புண் இல்லாத நாளாப் பார்த்துத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் போடச் சொல்லு. புண் இருக்கிற நாள் சம்பல் வேண்டாம், ரொட்டியைப் பால்ல ஊறவெச்சுக்கோ. பக்கத்து வீட்டு ஓணம் பாயசம், பெருநாள் பிரியாணி எல்லாம் சூடா வந்தா மறுக்காதே. பச்சைச் சட்னி, வெட்டி வெச்ச பழம் மட்டும் வெள்ளணு குறைஞ்ச நாள்ல தவிர்த்துடு.

பார்க்க வர்றவங்களுக்கு ஒரு வேலை குடு. "ஆப்பிள் வேண்டாம் அத்தை, ஊர்க்கதை கொண்டாங்க"ன்னு போன்லயே சொல்லிடு. 'எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் வந்து...'ன்னு ஆரம்பிக்கிறவங்களுக்கு வாசல்லயே டீயைக் குடுத்து அனுப்ப ஒரு ஆளை நியமிச்சுக்கோ. கொஞ்சம் வாய்த்துடுக்கான சின்னப் பொண்ணா இருந்தா நல்லது.

மலையாளப் படம் பார்க்கிற நமக்கு இன்னசென்ட்டைத் தெரியாதா? 1989ல வந்த 'ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்' படத்து மன்னார் மத்தாயி. 2012ல அவருக்கு லிம்ஃபோமாங்கிற புற்றுநோய். சிகிச்சையைப் பத்தி எழுதின புத்தகத்துக்கு அவர் வெச்ச பேர் 'கேன்சர் வார்டிலே சிரி'. 2014ல சாலக்குடி எம்.பி. ஆனார். நோய் திரும்பி வந்தது, மறுபடியும் சிகிச்சைக்குப் போனார், மறுபடியும் நடிச்சார். 2023 மார்ச்ல காலமானார். ஆனா ஒண்ணு, அவரைக் காட்டி 'பாரு, எப்படித் தைரியமா இருந்தார்'னு உன்னை நெருக்க யாரையும் விடாதே. சிரிக்க வைக்கிறது அவர் தொழில். நீ யாரையும் சிரிக்க வைக்க வேண்டியதில்லை. அழணும்போல இருக்கிற நாள்ல போர்வையை இழுத்து மூடிக்கிட்டு அழு, தாயக்கட்டை எங்கேயும் ஓடிடாது. ரெண்டு மூணு வாரம் தொடர்ந்து எதுலயுமே மனசு ஒட்டலைன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லு, அதுக்கும் மருந்து இருக்கு.

வெட்கப்படாம இதையும் கேட்டுக்கோ. புற்றுநோய் தொட்டா ஒட்டாது. வீட்டுக்காரரைத் தனிப் பாயில படுக்க விடாதே. கையைப் பிடிச்சுக்கிட்டுப் பழைய பாட்டுக் கேட்கிறதுல ஆரம்பிச்சு, உடம்பு எது வரைக்கும் ஒத்துக்குதோ அது வரைக்கும். கீமோ ஓடுற காலத்துல என்ன ஜாக்கிரதைன்னு நர்ஸ்கிட்ட கேட்டா அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. இதைவிடப் பெரிய கேள்வியெல்லாம் கேட்டவங்க அவங்க.

கடைசியா, டாக்டர்கிட்ட பேசுற விஷயம். ஸ்கேன் என்ன சொல்லுதுன்னு நாம கேட்கிறோம். நமக்கு என்ன வேணும்னு சொல்றதே இல்லை. மகளுக்குத் தை மாசம் கல்யாணமா? அதைச் சொல்லு. கீமோ தேதியைச் சில நாள் முன்ன பின்ன நகர்த்த முடியுமா, ரத்தம் குறைவா இருந்தா முந்தின வாரமே ஏத்திடலாமா, மண்டபத்துல உட்கார்ந்திருக்க வலி மருந்தைக் கூட்டணுமான்னு கேளு. பல நேரம் வழி இருக்கும், நாம கேட்டாத்தான் சொல்லுவாங்க. தை வரைக்கும் காத்திருக்கிறது சரியாப் படலைன்னு டாக்டர் ஜாடையா சொன்னா, கல்யாணத்தைக் கார்த்திகையிலயே முடிங்க. மண்டபம் கிடைக்கலைன்னா வீட்டு வாசல்ல பந்தல் போடலாம். அடுத்த தடவை ஓ.பி.க்குப் போகும்போது ஃபைலுக்குள்ள ஸ்கேன் படத்தோட அந்தப் பத்திரிகையையும் சொருகிக் கொண்டு போ. பீரோவுல இருந்து முதல்ல அதை எடு.