கோதுமை பிரெட் ஏன் உப்புவதில்லை?

கேள்வி: வீட்டில் சப்பாத்தி மாவில் பிரெட் செய்தால் செங்கல் மாதிரி வருகிறது. பிரெட் மெஷின் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: மெஷின் பிசையும், உப்பவைக்கும், சுடும், ஆனால் பொருட்களின் அளவைத் திருத்தாது. சப்பாத்தி மாவிலுள்ள தவிடு குளூட்டன் இழைகளை அறுப்பதால் ஈஸ்ட் விடும் வாயு தங்குவதில்லை. பாதிக்குப் பாதி மைதா கலந்து பாருங்கள். 400 கிராம் மாவுக்கு 280 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 7 கிராம் உப்பு. கொதிநீர் ஈஸ்டைக் கொன்றுவிடும். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவாமல் 10 நிமிடம் பிசையுங்கள். இருமடங்கு உப்பியதும் அமுக்கி, டின்னில் வைத்து, மறுபடி உப்பவிட்டு, 200 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுடுங்கள். வெயில் காலத்தில் சீக்கிரமே உப்பிவிடும். கடிகாரத்தை விட்டு மாவைக் கவனியுங்கள். அடிக்கடி சுடுகிறவர் என்றால் மட்டும் மெஷின் வாங்குங்கள்.