நிலப்படம் சொல்லும் செய்தி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் வடகிழக்கே அகத்தியமலை இருக்கிறது. அதன் உயரம் 1,868 மீட்டர். மலைச்சரிவுகளில் காணி மக்கள் வாழ்கிறார்கள். நெய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது.

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு படை அதிகாரிகள் திருவிதாங்கூரை அளந்தார்கள். மலை, ஆறு, ஊர், பாதை ஆகியவற்றைப் படத்தில் குறித்தார்கள்.

இன்றைய நிலப்படத்தில் மலையை எப்படிக் காட்டுகிறார்கள்? பழுப்பு நிறக் கோடுகளால் காட்டுகிறார்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை ஒரு கோடு இணைக்கும். இதற்குச் சம உயரக் கோடு என்று பெயர். கோடுகள் நெருங்கி இருந்தால் அங்கே சரிவு அதிகம். விலகி இருந்தால் சரிவு குறைவு. நீல நிறம் தண்ணீரைக் குறிக்கும்.

கால்வாய் வெட்டவும் இந்தக் கோடுகள் உதவும். மேட்டில் தண்ணீர் ஏறாது. ஆகவே சம உயரக் கோட்டை ஒட்டி, சிறிது சரிவாகக் கால்வாய் வெட்டுவார்கள்.

வார்டும் கானரும் அளந்தபோது பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே நாட்டில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இடையில் மாநில எல்லை வந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் இருந்தது. விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் சேர்ந்தது.

நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் பாய்ந்தது. 2004இல் அந்தத் தண்ணீர் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

நிலப்படத்தில் மாநில எல்லையும் தெரியும். தண்ணீர் வரும் வழியும் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்த உழவர், தம் வயலுக்கு எங்கிருந்து தண்ணீர் வர வேண்டும் என்பதை எந்த அலுவலகத்திலும் எடுத்துச் சொல்லலாம்.

பயிற்சி
1. சம உயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு எப்படி இருக்கும்?
2. உங்கள் ஊரின் குளம், ஓடை, மேடு ஆகியவற்றைப் படமாக வரையுங்கள்.