காமன் பொட்டலும் தமிழ்ப் பாடமும்

எல்ல, தெமோதரைப் பக்கத் தோட்டங்களிலிருந்து சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தோடு என்னிடம் வருகிறார்கள். எதுகை, மோனை, உருவகம், அங்கதம் என்று வரைவிலக்கணம் எல்லாம் மனப்பாடம். ஒரு செய்யுளை நீட்டினால் முழிக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை என்ன? கேளுங்கள்.

1. முதல் வாசிப்பில் பேனையைத் தொடாதீர்கள். வாய்விட்டு வாசியுங்கள், அடுத்த காம்பராவில் சிரித்தால் சிரிக்கட்டும். ஓரடி ‘கொழுந்து’ என்றும் அடுத்த அடி ‘எழுந்து’ என்றும் தொடங்கினால், இரண்டாம் எழுத்து ஒத்து வருவதைக் காது தானே பிடித்துக்கொள்ளும். அது எதுகை. ‘மலை’, ‘மழை’ என்று முதலெழுத்து ஒத்தால் மோனை. அடியின் கடைசியில் ஓசை ஒத்தால் இயைபு. பாட்டி பாடிய தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இந்த மூன்றையும் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். பாடசாலை அவற்றுக்குப் பெயர் சொல்லித் தருகிறது, அவ்வளவுதான்.

2. ‘கங்காணியின் குரல் இடி போல இருந்தது’ என்றால் உவமை. ‘கங்காணியின் குரல் இடி’ என்றால் உருவகம். இதைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. பிறகுதான் பாடம் தொடங்குகிறது: ஏன் இடி? பறையைச் சொல்லியிருக்கலாம், சிங்கத்தைச் சொல்லியிருக்கலாம். இடி எப்போது விழும் என்று தெரியாது. அதோடு யாரும் எதிர்த்துப் பேசவும் முடியாது. பெரட்டில் நிற்பவரின் பயம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘இங்கு உருவகம் பயின்று வந்துள்ளது’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடும் பிள்ளைக்குப் பாதிப் புள்ளி கிடைத்தாலே அதிகம்.

3. கதையில் வரும் ‘நான்’ எழுத்தாளர் அல்ல. அவர் படைத்த கதைசொல்லி. அந்த ஆள் பொய் சொல்லலாம், பாதியை மறைக்கலாம், தன்னைப் பற்றியே தவறாக எண்ணலாம்.

4. பாத்திரம், முரண்பாடு, உச்சக்கட்டம் ஆகிய சொற்கள் குழப்பினால் மாசி மாதத்துக் காமன் கூத்தை நினையுங்கள். சிவன் தவத்தில் இருக்கிறார். தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். போக வேண்டாமென்று ரதி மறிக்கிறாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் தர்க்கம் செய்கிறார்கள். முரண்பாடு என்பது அந்தத் தர்க்கம்தான். மலரம்பு பாய்ந்து, நெற்றிக்கண் திறந்து, காமன் எரிகிற இடம் உச்சக்கட்டம். ஆனால் எனக்குப் பிடித்த இடம் அதற்கு முன்னால் வருகிறது. காமன் எரியப்போகிறான் என்பது பொட்டலைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும், இடுப்புக் குழந்தையைத் தவிர, தெரியும். மன்மதனுக்கு மட்டும் தெரியாது. அவன் வீரம் பேசப் பேச நமக்கு வயிற்றைப் பிசைகிறது. இதை நாடக முரண் என்பார்கள். முடிவு தெரிந்த கூத்தை வருடா வருடம் விடிய விடிய நின்று பார்ப்பதற்கு இந்த முரணும் ஒரு காரணம்.

5. தலைப்பைத் தாண்டி ஓடாதீர்கள். நம் பதுளை மாவட்டத்து எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தம் பெயரோடு தோட்டத்தின் பெயரையே சேர்த்துக்கொண்டவர். அவருடைய சிறுகதைத் தொகுப்பின் பெயர் ‘நாமிருக்கும் நாடே’; வெளிவந்தது 1979இல். கேட்டதும் விடுதலையைக் கொண்டாடும் பாரதி பாட்டொன்று நினைவுக்கு வரும். இப்போது வரலாற்றுப் புத்தகத்தைத் திறவுங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மக்களின் கதைகளுக்குத்தான் இந்தத் தலைப்பு. பெருமையா, ஏக்கமா, குத்தலா? மூன்றும் என்பது என் எண்ணம். சொல்வது ஒன்று, உணர்த்துவது அதற்கு எதிர் என்றால் குறிப்புமுரண். அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுகளை நீக்கிவிட்டால் அது வெறும் அழகான தலைப்பு.

6. தெரியாத சொல் வந்தால் உடனே அகராதிக்கு ஓடாமல் வாக்கியத்தை முடியுங்கள். பெரும்பாலும் அடுத்த வரியே பொருள் சொல்லிவிடும்.

7. கிரகித்தலுக்குப் பயிற்சி வேண்டுமா? ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி எழுதப்பட்ட எதையாவது எடுங்கள். ‘1921இல் முடிக்கப்பட்டது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு உருக்கு இல்லாமல் கட்டப்பட்டது’ என்பது தகவல். ‘யுத்தத்துக்கு உருக்கு போய்விட்டதால் உள்ளூர்க்காரர் ஒருவர் கல்லிலேயே கட்டித் தந்தாராம்’ என்பது ஐதிகம். அந்த ‘ஆம்’ விகுதியைக் கவனியுங்கள். ‘இலங்கையின் மிக அழகான பாலம்’ என்பது கருத்து. மூன்றுக்கும் அடியில் மூன்று விதமாகக் கோடு போடுங்கள். சீதையை மறைத்து வைத்ததாகச் சொல்லப்படும் இராவணன் குகைக்கும் இதையே செய்யலாம். ஐதிகம் என்றால் பொய் என்று அர்த்தமில்லை. ஊர் எதை நம்ப விரும்பியது என்பதற்கு அது சாட்சி.

8. சம்பவங்களை வரிசையாகச் சொன்னால் கதைச் சுருக்கம். அவை ஒன்றோடொன்று எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது கதைப்பின்னல். எல்லவிலிருந்து பதுளைக்குப் போகும் கோச்சி தெமோதரை ஸ்டேசனைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்குக் கீழே உள்ள சுரங்கத்தால் போகிறது. சில நல்ல கதைகளின் முடிவும் தொடக்கத்துக்குச் சரி கீழே வந்து நிற்கும். அப்படி வந்தால் முதல் பக்கத்தைத் திரும்ப வாசியுங்கள்; முதலில் சாதாரணமாகத் தெரிந்த ஒரு வரி இப்போது வேறு மாதிரிக் கேட்கும்.

9. சி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றத்தில் இருந்தவர், ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். அவரே தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டிப் புத்தகமாக்கினார். நீங்களும் ஒரு கொப்பி வாங்குங்கள். பாட்டியையோ, கொழுந்தெடுத்துவிட்டு வரும் அத்தையையோ பாடச் சொல்லி, பாடியபடியே எழுதுங்கள். ‘பெரட்டு’, ‘இஸ்தோப்பு’ எதையும் செந்தமிழாக்க வேண்டாம், ஓசை கெட்டுவிடும். யார் பாடியது, என்ன வேலையின்போது, எந்தத் தோட்டம் என்று ஓரத்தில் குறியுங்கள். அடுத்த ஞாயிறு கொப்பியோடு வாருங்கள். மோனை எங்கே, எதுகை எங்கே என்று அதிலேயே தேடலாம்.